டிராக்டர் சக்கரங்களும் மண்பிடிப்பும்: நிலத்திற்கேற்ற டயர்களைத் தெரிந்தெடுக்கும் முறை

மதுரைச் சீமையில் உழவு மாடு வாங்கும் குடியானவர், மாட்டின் பல்லையும் சுழியையும் பார்ப்பதோடு நில்லாமல், அது எந்த நிலத்தில் உழப்போகிறது என்பதையும் யோசித்தே விலை பேசுவது வழக்கம். சேற்று வயலில் எருமைக்கடாவின் அகன்ற குளம்பு விரிந்து நின்று உடலைத் தாங்கும். கெட்டியான புன்செய்யில் காளையின் சிறுத்த குளம்பு ஊன்றி இழுக்கும். கல் பாவிய சாலையில் பாரம் இழுக்கும் வண்டி மாட்டுக்கோ லாடம் வேண்டும். ஒரே குளம்பு எல்லாத் தரைக்கும் ஒத்துவராது என்னும் இவ்வுண்மையை அறியாத விவசாயி ஒருவரும் இலர்.

ஆயினும், அதே விவசாயி டிராக்டரின் பின் டயர்கள் தேய்ந்து புதியன வாங்கச் செல்லும்போது, பெரும்பாலும் விலையையும் டயரின் பற்களது உயரத்தையும் மட்டுமே பார்த்துத் திரும்புகிறார். பல் உயரமாக இருந்தால் பிடிப்பு மிகும் என்பது பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கை பாதி உண்மையே. மற்றப் பாதியை அறியாமையால் டீசலும், டயரும், வயலின் அடிமண்ணும் வீணாவதோடு, சில வேளைகளில் ஓட்டுபவரது உயிருக்கே அபாயம் நேரிடுகிறது. ஆகையால் இவ்விஷயத்தைச் சற்று விரிவாக ஆராய்தல் நன்று. டயரின் மேல் குறுக்காகப் புடைத்து நிற்கும் ரப்பர் வரிகளே இக்கட்டுரையில் பற்கள் எனக் குறிப்பிடப்படுகின்றன.

ஒத்தக்கடைச் சுற்றுப்புறம் இவ்வாராய்ச்சிக்கு மிகவும் ஏற்ற இடமாகும். யானைமலையின் அடியில் 1965-ஆம் வருஷம் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இங்கே இருக்கிறது. மேலூர் சாலையில் சிறிது தூரம் சென்றால் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலை ஒன்றும் உண்டு. 1895-இல் முடிவுற்ற பெரியாறு அணையின் நீர், வைகை வழியாகப் பேரணை வந்து, கால்வாயில் பிரிந்து இப்பகுதியின் நன்செய்களுக்குப் பாய்கிறது. வாய்க்கால் நீர் ஏறாத மேட்டுப் பாங்கில் செம்மண் புன்செய்களும், தெற்கே திருமங்கலம் பக்கம் கரிசல் நிலங்களும் விரிந்து கிடக்கின்றன. வாடகைக்கு ஓடும் ஒரு டிராக்டர் ஒரே பருவத்தில் இம்மூன்று மண்ணிலும் உழுது, இடையிடையே டிரெய்லரைப் பூட்டிக்கொண்டு தார்ச் சாலையிலும் ஓடுகிறது. எனவே, எந்த டயர் சிறந்தது என்று கேட்பதைவிட, இந்த டிராக்டர் எந்தத் தரையில் அதிக மணி நேரம் உழைக்கிறது என்று கேட்பதே முறையாகும்.

1. பிடிப்பு உண்டாகும் விதம்

டிராக்டரின் எஞ்சின் எவ்வளவு குதிரைச் சக்தி உடையதாயினும், அச்சக்தி முழுவதும் பின் சக்கரங்கள் மண்ணைத் தொடும் இடத்தின் வழியாகவே கலப்பையைச் சென்று சேர வேண்டும். சக்கரம் மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மண் நெகிழாமல் நின்றால் வண்டி முன்னேறும். மண் அறுந்து நழுவினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஆதலால், பிடிப்பு என்பது டயரின் பலத்தை மட்டுமன்றி மண்ணின் பலத்தையும் பொறுத்தது.

மண்ணின் பலம் இரு வகைப்படும். ஒன்று, மணலில் காணும் உராய்வு. உலர்ந்த மணலை உள்ளங்கையால் மெல்லத் தடவினால் அது எளிதில் நகரும். அழுத்திக்கொண்டு தள்ளினால் எதிர்த்து நிற்கும். அதாவது, மணற்பாங்கான மண்ணில் மேலிருந்து அழுத்தும் எடை மிகுந்தால் பிடிப்பும் மிகும். மற்றொன்று, களியில் காணும் பசைத்தன்மை. நீரூறிய களியை எவ்வளவு அழுத்தினாலும் அதன் எதிர்ப்பு பெரிதும் கூடுவதில்லை. கைதான் உள்ளே இறங்கும். அங்கே எவ்வளவு பரப்பில் சக்கரம் மண்ணைத் தொடுகிறதோ, அவ்வளவுக்கே பிடிப்பு உண்டு.

இவ்விரண்டையும் நினைவில் வைத்தால் மற்ற யாவும் எளிதில் விளங்கும். செம்மண் மேட்டில் எடை பிடிப்பைத் தரும். நன்செய்ச் சேற்றில் எடை வண்டியை மூழ்கடிக்கும், பரப்பே பிடிப்பைத் தரும். எருமையின் அகன்ற குளம்பும் காளையின் ஊன்றிய குளம்பும் உணர்த்துவது இதுவே.

2. இரும்புச் சக்கரத்திலிருந்து காற்றுச் சக்கரத்திற்கு

முற்காலத்து டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரங்களே இருந்தன. அவற்றின் விளிம்பில் இரும்புப் பற்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை மண்ணைக் கவ்வியது உண்மையே; ஆயினும் வண்டியைக் குலுக்கியும், சாலைகளைப் பெயர்த்தும் மிகுந்த தொல்லை விளைவித்தன. 1932-இல் அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாகாணத்தில் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனியார், ஆகாய விமானங்களுக்கான பயர்ஸ்டோன் டயர்களைத் தங்கள் டிராக்டருக்குப் பூட்டி, அவற்றில் மிகக் குறைந்த காற்றை அடைத்து உழுது பார்த்தனர். மென்மையான ரப்பர் மண்ணில் வழுக்கும் என்று பலர் ஐயுற்றிருக்க, காற்றுக் குறைந்த டயர் தரையில் தட்டையாகப் பரவி, கூடுதலான பரப்பில் மண்ணைத் தொட்டு இழுத்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே அந்நாட்டின் புதிய டிராக்டர்களிற் பெரும்பாலானவை ரப்பர் டயருக்கு மாறின.

இவ்வரலாற்றிலிருந்து விவசாயி அறிய வேண்டிய பாடம் ஒன்றுண்டு. அன்று வெற்றி தந்தது பல்லின் உயரம் அன்று. டயர் தட்டையாகப் பரவியதே வெற்றிக்குக் காரணம். காற்றை மிகுதியாக அடைத்துக் கல்லைப் போல் ஆக்கிய டயர், எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், பழைய இரும்புச் சக்கரத்தின் குணத்தையே காட்டும்.

3. பற்களின் வகைகள்

பின் டயர்களின் பக்கச் சுவரில் 'ஆர்' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் பல கம்பெனி டயர்களில் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றின் பொருள் வருமாறு:

ஆர்-1: சாதாரண உழவு டயர். புன்செய் உழவு, விதைப்பு, டிரெய்லர் வேலை ஆகிய பலவற்றிற்கும் பொதுவாக ஏற்றது. தமிழ்நாட்டில் பெரும்பாலான டிராக்டர்கள் இவ்வகை டயர்களுடனேயே விற்கப்படுகின்றன.

ஆர்-1-டபிள்யூ: இதன் பல் ஆர்-1-ஐவிட ஏறக்குறையக் கால் பங்கு உயரம் கூடியது. ஈரம் மிகுந்த, ஒட்டும் மண்ணுக்கு ஏற்றது.

ஆர்-2: நெல் வயலுக்கும் கரும்புக் கொல்லைக்கும் உரிய ஆழப்பல் டயர். பல்லின் உயரம் ஆர்-1-ஐப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. பற்களுக்கு இடையே அகன்ற வெளி விடப்பட்டிருப்பதால் சேறு அடையாமல் வெளியேறும். ஆனால் தார்ச் சாலையில் ஓட்டினால் உயர்ந்த பற்கள் வளைந்து சூடேறி விரைவில் தேயும்; வண்டியும் அதிரும்.

ஆர்-3: புல்தரை டயர். பற்கள் மிகத் தாழ்ந்தும் நெருங்கியும் இருக்கும். உதகமண்டலம், கொடைக்கானல் முதலிய இடங்களின் கோல்ப் மைதானங்களிலும் கிரிக்கெட் மைதானங்களிலும், மேலே அமர்ந்து ஓட்டும் புல்வெட்டி வண்டிகளுக்கு இத்தகைய டயர்களே உரியவை. அங்கே புல்லின் வேரைக் கிழிக்காமலிருப்பதே முதற் கவலை. ஆகவே பல்லைக் குறைத்து, அகலத்தைக் கூட்டி, பரப்பினால் பிடிப்பைப் பெறுகின்றனர். பனி ஈரம் உலராத காலை வேளையில் சரிவான புல்தரையில் இவ்வண்டியை ஓட்டுதல் கூடாது. தாழ்ந்த பற்கள் ஈரப் புல்லில் வழுக்கிவிடும்.

ஆர்-4: மண் வாரும் எந்திரங்களுக்கும் கட்டட வேலைக்கும் உரியது. கெட்டித் தரையில் நெடுநாள் உழைக்கும், சேற்றுக்கு ஆகாது.

முன் சக்கரங்களைப் பொறுத்தவரை, பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டிராக்டரின் முன் டயருக்கு, சுற்றிலும் ஓடும் வரிகள் போதுமானவை. அவை வண்டியைத் திருப்பவே உதவுகின்றன. நான்கு சக்கரங்களும் இழுக்கும் டிராக்டரில் முன்னும் பின்னும் உள்ள டயர்களின் அளவுகள் ஒன்றுக்கொன்று கணக்கிட்டுப் பொருத்தப்பட்டவை. ஆதலால் ஒரு ஜோடியை மட்டும் வேறு அளவுக்கு மாற்றுவது பல்சக்கரப் பெட்டியைக் கெடுக்கும்.

4. மண்ணுக்கேற்ற தேர்வு

செம்மண் புன்செய்: மணல் கலந்த இம்மண்ணில் ஆர்-1 டயரே போதும். சக்கரம் வழுக்கினால், உயர்ந்த பல்லைத் தேடுவதற்கு முன் எடையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். உலர்ந்த கெட்டித் தரையில் பாதி தேய்ந்த டயரும் நன்றாகவே இழுக்கும். எனவே தேயத் தொடங்கிய டயர்களை உடனே கழிக்காமல் கோடை உழவிலும் டிரெய்லர் வேலையிலும் பயன்படுத்திக்கொள்வது சிக்கனம்.

கரிசல்: காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை. ஈரக் கரிசல் பற்களின் இடைவெளியை அடைத்துவிட்டால் எந்த டயரும் வழுவழுப்பான உருளையாகிவிடும். இங்கே இடைவெளி அகன்ற ஆர்-1 அல்லது ஆர்-1-டபிள்யூ டயர் நலம். எனினும் டயரைவிட முக்கியமானது உழவுப் பதம். ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் அது உதிர வேண்டும். உதிராமல் தட்டையாக ஒட்டிக்கொண்டால் ஓரிரு நாள் பொறுப்பதே மேல். பதம் தவறிய கரிசலில் டயரை மாற்றிப் பயனில்லை. அவசரப்பட்டு ஓட்டினால் சக்கரத் தடத்தின் கீழே மண் இறுகி, அடுத்த பயிரின் வேரையும் தடுக்கும்.

நன்செய்: நீர் கட்டித் தொளி உழும் வயலில் சாதாரண டயர் மட்டும் போதாது. நெல் வேலையே பிரதானமாகவும் சாலை ஓட்டம் மிகக் குறைவாகவும் உள்ளவர் ஆர்-2 டயர் வாங்கலாம். ஆனால் ஒத்தக்கடைப் பக்கத்தில் அத்தகையோர் சிலரே. பெரியாற்றுப் பாசனத்தில் கள்ளந்திரிக்கு மேலே இருபோகமும் அதற்குக் கீழே ஒருபோகமுமாகச் சாகுபடி நடப்பதால், ஒருபோகப் பகுதியில் தொளி உழவு வருஷத்தில் சில வாரங்களே நடைபெறும். அச்சில வாரங்களுக்காக ஆர்-2 டயரை வாங்கி, மற்ற மாதங்களில் அதைச் சாலையில் தேய்ப்பது நஷ்டம். இத்தகையோர் ஆர்-1 டயரை வைத்துக்கொண்டு, தொளி உழவுக்கு மட்டும் கேஜ் வீலைப் பூட்டுவதே சிக்கனமான வழியாகும்.

5. கேஜ் வீல்

இரும்புப் பட்டைகளால் கூண்டுபோல் அமைந்த இச்சக்கரத்தில் முழுக் கூண்டு, அரைக் கூண்டு என இரு வகை உண்டு. முழுக் கூண்டு டயரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பூட்டப்படுவது. அரைக் கூண்டு டயரின் பக்கத்தில் சேர்த்துப் பூட்டப்படுவது. இரண்டும் சேற்றைத் தொடும் பரப்பைப் பெருக்கி வண்டியைத் தாங்குவதோடு, சேற்றைக் கலக்கும் வேலையையும் ஓரளவு செய்துவிடுகின்றன.

கேஜ் வீலினால் விளையும் தீமை ஒன்றையும் மறைத்தலாகாது. நெல் வயலின் உழவு ஆழத்திற்குக் கீழே, பல வருஷ உழவினால் இறுகிய அடித்தளம் ஒன்று உண்டு. பாய்ச்சிய நீரை வயலில் நிறுத்துவதும், மனிதரையும் மாட்டையும் எந்திரத்தையும் தாங்குவதும் அதுவே. ஒரே வயலில் கேஜ் வீலுடன் பலமுறை சுற்றிச் சுற்றி ஓட்டினால் இத்தளம் சிதைந்து, வருஷந்தோறும் சேற்றின் ஆழம் கூடும். பின்னர் நாற்று நடும் பெண்கள் முழங்கால் மட்டும் புதைவர். அறுவடை எந்திரமும் இறங்க மாட்டாது. நீரும் விரைவில் கீழிறங்கும். ஆகையால் தேவைக்கு மேல் ஒரு சாலும் ஓட்டாமலிருப்பது நலம். தொளி உழவுக்குமுன் டிராக்டரின் இரும்பு எடைகளைக் கழற்றிவிட வேண்டும்.

6. எடையும் காற்றும்

பின் டயரில் நீர் அடைத்தல் எடை கூட்டும் எளிய வழியாகும். டயரின் வால்வு மேலே வரும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை நீர் நிரப்பினால் சாதாரண டயரின் முக்கால் பங்கு நிரம்பும். எஞ்சிய இடத்தில் காற்று அடைக்க வேண்டும். முழுவதும் நீர் நிரப்பினால் டயர் நெகிழ்ந்து கொடுக்காது. ரேடியல் டயர்களுக்கு நீரின் அளவு இதைவிடக் குறைவாதலின், டயர்க் கம்பெனியின் குறிப்பைப் பின்பற்ற வேண்டும். குளிர் நாடுகளில் நீர் உறையாதிருக்க கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பர். மதுரை வெயிலுக்கு அது வேண்டாத செலவு, ரிம்மையும் அரிக்கும்.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. எனவே எத்தனை லிட்டர் அடைத்ததோ அத்தனை கிலோ கூடியதாகக் கொள்ளலாம். புன்செய் உழவு முடிந்து சேற்றுக்கோ வெறும் சாலை ஓட்டத்திற்கோ அடிக்கடி மாறுபவர், நீரைவிடக் கழற்றி மாட்டக்கூடிய இரும்பு எடைகளை வைத்துக்கொள்வது வசதி. எவ்வாறாயினும், வண்டியின் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்கேனும் முன் அச்சில் நிற்க வேண்டும். இல்லாவிடில் வண்டி திருப்பத்திற்குக் கட்டுப்படாது.

காற்றைப் பொறுத்தவரை, வண்டியுடன் கொடுக்கப்படும் கைப்புத்தகத்தில் உழவுக்கு ஓர் அளவும், டிரெய்லர் இழுக்க அதைவிடக் கூடிய அளவும் கூறப்பட்டிருக்கும். வழக்கத்தில் பல டிராக்டர்களின் பின் டயருக்கு உழவின்போது சதுர அங்குலத்திற்கு 12 முதல் 14 பவுண்டு வரை போதுமானதாகிறது. சாலைப் பாரத்துக்காக ஏற்றிய காற்றுடனேயே வயலில் இறங்குவது பொதுவாகக் காணும் பிழை. மாறாக, உழவுக்குக் குறைத்த காற்றுடன் பாரம் ஏற்றிச் சாலையில் விரைந்தால் டயரின் பக்கச் சுவர் சூடேறி வெடிக்கும். பத்து நாளுக்கொரு முறையேனும், காலையில் டயர் குளிர்ந்திருக்கையில் அளவுமானியால் காற்றைப் பார்த்தல் வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பது அளவாகாது.

7. வழுக்கலை அளந்தறியும் முறை

டயர் தேர்வும் எடையும் சரிதானா என்பதை ஒவ்வொரு விவசாயியும் தம் வயலிலேயே யாதொரு செலவுமின்றி அறியலாம். பின் டயரின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு இட வேண்டும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு உழப்போகும் வயலிலேயே ஓட்டி, அக்கோடு பத்து முறை சுற்றிவரும் தூரத்தை அளந்துகொள்ள வேண்டும். பின்னர் கலப்பையை வழக்கமான ஆழத்தில் இறக்கி உழுதுகொண்டே அதேபோல் பத்துச் சுற்றின் தூரத்தை அளக்க வேண்டும்.

கலப்பையின்றி 40 மீட்டரும் கலப்பையுடன் 34 மீட்டரும் ஓடியதாயின், குறைவு 6 மீட்டர். அதாவது நூற்றுக்கு 15 பங்கு வழுக்கல். புன்செய் உழவில் நூற்றுக்கு 8 முதல் 15 வரை வழுக்கல் இருப்பது நல்ல நிலை. அதனினும் குறைந்தால், வேண்டாத எடையை வண்டி சுமக்கிறது என்று பொருள். 20-க்கு மேற்பட்டால் உடனே பரிகாரம் தேட வேண்டும்.

கலப்பையுடன் 28 மீட்டரே ஓடியதாயின் வழுக்கல் நூற்றுக்கு 30. இதன் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதெனினும் கணக்குக்குத் தப்பாது. 15 பங்கு வழுக்கலில் ஐந்து மணி நேரத்தில் முடியும் உழவு, 30 பங்கு வழுக்கலில் ஆறு மணி நேரம் பிடிக்கும். மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் செலவாகும் எனக் கொண்டால், ஒவ்வொரு ஆறு மணி நேரத்திலும் ஐந்து லிட்டர் டீசல் டயரைத் தேய்ப்பதற்கே எரிந்துபோயிற்று எனலாம். மணிக் கணக்கில் வாடகை கொடுக்கும் சிறு விவசாயிக்கு இந்நஷ்டம் நேரே அவர் மடியிலிருந்து போவதாகும்.

பரிகாரங்களை விலை குறைந்ததிலிருந்து வரிசையாகச் செய்து பார்க்க வேண்டும். முதலில் காற்றைச் சரிபார்த்தல். அடுத்து உழவின் ஆழத்தைச் சிறிது குறைத்தல். அதன்பின் எடை கூட்டுதல். இம்மூன்றும் பயன்படாவிடின் மட்டுமே புது டயர். சேற்றுழவில் வழுக்கல் இயல்பாகவே மிகும். ஆகவே இக்கணக்கு அங்கே பொருந்தாது.

8. புதைந்த வண்டியை மீட்பதில் ஜாக்கிரதை

வண்டி சேற்றில் புதைந்தவுடன், பின் சக்கரங்களின் குறுக்கே மரக்கட்டையைச் சங்கிலியால் பிணைத்து, முன் கியரில் முழு வேகம் கொடுத்து ஏற முயல்வதைப் பல ஊர்களில் காணலாம். இது மிகவும் அபாயமான செய்கை. கட்டை தடுத்துச் சக்கரம் சுழல முடியாது நின்றால், எஞ்சினின் சக்தி வண்டியின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன் சக்கரங்கள் மேலெழுந்து, வண்டி பின்னோக்கிக் கவிழ ஓரிரு வினாடிகள் போதும். ஓட்டுபவர் குதித்துத் தப்ப அவகாசம் இராது.

புதைந்தபோது செய்யத்தக்கது யாதெனில், சக்கரம் சுழலத் தொடங்கியதுமே ஓட்டத்தை நிறுத்திக் கலப்பையைத் தூக்கிவிட வேண்டும். மேலும் சுழற்றினால் குழி ஆழமாகுமேயன்றி வண்டி எழாது. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினால் டிபரென்ஷியல் லாக் மிதியை அழுத்தி நேராக ஓட்டலாம். திருப்பும்போது அதை அழுத்தலாகாது. முன்னே செல்லாவிடில், சக்கரங்களுக்குப் பின்னாலுள்ள சேற்றை வெட்டியெடுத்துவிட்டு மெதுவாகப் பின்னோக்கி எடுக்க வேண்டும். வந்த தடம் இறுகியிருக்குமாதலின் அவ்வழியே எளிது. அதுவும் இயலாவிடில் மற்றொரு டிராக்டரைக் கொண்டு இழுக்க வேண்டும். இழுக்கும் வண்டியில் சங்கிலியை இழுவைக் கம்பியிலேயே மாட்ட வேண்டும். பின் அச்சுக்கு மேலே எவ்விடத்தும் மாட்டலாகாது. சங்கிலி இழுபடும்போது அருகில் எவரும் நிற்கலாகாது. சிறுவர்களை வரப்பிலும் நிற்கவிடலாகாது.

9. கடையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, அளவு. 13.6-28 என்று பொறித்திருப்பின், டயரின் அகலம் ஏறக்குறைய 13.6 அங்குலம், ரிம்மின் குறுக்களவு 28 அங்குலம் என்று பொருள். ரிம்மின் குறுக்களவு மாறலாகாது. அகலம் கூடிய டயர் மென்மண்ணில் நன்று. ஆனால் பருத்தி, மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே ஓட்டுவோர் வரிசையின் இடைவெளியைக் கருதியே அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, வயது. பல டயர்களில் நான்கு இலக்க எண் ஒன்று காணப்படும். அது 2324 என்றிருப்பின், 2024-ஆம் வருஷத்தின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று அறிக. நெடுநாள் வெயில்பட்டுக் கிடந்த டயரில், பல் தேயாதிருப்பினும் ரப்பர் வெடித்திருக்கும்.

மூன்றாவது, ஜோடி. இரு பின் டயர்களும் ஒரே அளவும், ஒரே வகையும், ஏறக்குறைய ஒரே தேய்மானமும் உடையனவாக இருத்தல் அவசியம்.

நான்காவது, திசை. பக்கச் சுவரிலுள்ள அம்புக்குறி, வண்டி முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். வண்டியின் பின்னால் நின்று பார்த்தால் பற்கள் கூரை முகட்டைப் போல மேல்நோக்கிக் கூடியிருக்க வேண்டும். இடமும் வலமும் மாற்றிப் பூட்டினால், சேற்றை வெளியே ஒதுக்க வேண்டிய பற்கள் அதை நடுவே வாரிச் சேர்த்துக்கொள்ளும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

கேஜ் வீல் பூட்டிய டிராக்டர்கள் தார்ச் சாலையிலும் சிமெண்டுத் தெருவிலும் ஓடினால், ஊரார் பணத்தில் போட்ட சாலை ஒரே பருவத்தில் பெயர்ந்துபோகும். கேஜ் வீல்களை டிரெய்லரில் ஏற்றிச் சென்று வயலோரத்தில் பூட்டுவதே முறை என்பதைக் கிராம அதிகாரிகள் டிராக்டர் உடையோருக்கு எடுத்துரைக்க வேண்டும். ஒவ்வொரு வயலுக்கும் கழற்றி மாட்டும் சிரமமே இத்தவற்றுக்குக் காரணமாதலால், கால்வாயில் நீர் திறக்கும் காலத்தில் ஒரு மடைக்கு உட்பட்ட வயல்காரர்களை ஒன்றுகூட்டி, அடுத்தடுத்த வயல்களை ஒரே நாளில் வரிசையாகத் தொளி உழும்படி ஏற்பாடு செய்தால், சாலையும் தப்பும், வரப்புகளும் தப்பும், உழவுக் கூலியும் குறையும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டர்களைப் பெறுவதற்கும் இவ்வேற்பாடு அனுகூலமாகும்.

டயர் என்பது டிராக்டரின் குளம்பு. எந்த மண்ணில் அதிக நாள் நடக்கப்போகிறது என்று பார்த்து அதை வாங்கி, மண்ணுக்குத் தக்கபடி காற்றையும் எடையையும் மாற்றி, ஈரத்தின் பதமறிந்து வயலில் இறக்கும் விவசாயிக்கு, உள்ள டயரே பல பருவங்கள் உழைத்துக் கொடுக்கும். வரும் உழவில் ஒரு துண்டு சுண்ணாம்பையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் சென்று தம் வண்டியின் வழுக்கலை ஒருமுறை அளந்து பார்ப்பார்களாயின், புது டயர் வேண்டுமா வேண்டாவா என்பதற்கு விடை அவ்வயலிலேயே கிடைத்துவிடும்.